கம்பிக்குச் சாதி தெரியுமா?

“பணம் ஏறிடுச்சா தம்பி?”

மூலக்குளத்துக் கவுண்டரில் உட்கார்ந்து நான் ஆயிரம் முறை கேட்ட கேள்வி இது. கேட்டவர்கள் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வரும் அக்காக்கள். ஏரியில் மண் சுமந்தவர்கள். பாஸ்புக்கைப் பதிந்துவிட்டு “ஏறலக்கா” என்பேன். “ஏன்?” என்றால் கவுண்டரில் பதில் இருக்காது.

தோழர்களே, அந்த ‘ஏன்’ எங்கே ஒளிந்திருந்தது?

நூறு நாள் வேலைக் கூலி நேராக வங்கிக்கு வந்ததில்லை. வருகைப் பதிவேட்டை வைத்து வட்டார அலுவலகத்தில் பணப் பரிமாற்ற ஆணை தயாராகும். இரண்டு அதிகாரிகள் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவார்கள். அது டெல்லிக்குப் போகும். டெல்லி பணத்தை விட்டால்தான் வங்கிக் கம்பியில் ஏறும். அந்தக் கம்பி சோம்பேறி அல்ல. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் இரவு பகலாக, அரை மணிக்கொரு தடவை ஓடுகிறது. வாரக்கணக்கான தாமதத்துக்குப் பெயர் ‘சர்வர் டவுன்’ அல்ல. மேலே யாரோ உட்கார்ந்து நிறுத்தியது.

மெஷினுக்குச் சாதி கிடையாது என்று நம்மில் படித்தவர்களே சொல்கிறோம். 2021 மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் என்ன செய்தது? பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று ஒரே வேலையின் கூலிக்கு மூன்று தனித்தனி ஆணை போடச் சொன்னது. பட்ஜெட்டில் நமக்கு ஒதுக்கியது நமக்கே போகிறது என்று கணக்குக் காட்டவாம்! வியர்வைக்கு வந்த கூலி, நமக்கு இட்ட பிச்சைபோல் ஏட்டில் ஏறியது.

மூன்று பையிலும் பணம் ஒரே வேகத்தில் விழவில்லை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் சேரிக்குக் கூலி முதலில் வந்தது, மற்றவர்களுக்கு இழுத்தது. ஒரே வரப்பில் மண் சுமந்தவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்து, “உனக்கு மட்டும் எப்படிடி வந்துச்சு?” என்றாள். டெல்லியைக் கேட்க வேண்டிய கேள்வி சேரியைப் பார்த்துத் திரும்பியது. எதிர்ப்பு கிளம்பி, அந்த நிதியாண்டுக்குள்ளேயே பழைய முறைக்குத் திரும்பினார்கள். ஊருக்குள் விழுந்த கோட்டை யார் அழிப்பது?

கம்பி தானாகச் சாதி பார்க்காது. ஒரு கட்டத்தில் சாதியை எழுதிக் கொடுத்தால் பார்க்கும். அந்தக் கட்டத்தைப் போடுகிறவன் யார் என்பதுதான் நம் கேள்வி.

மாணவத் தோழர்கள் செய்ய ஒரு வேலை உண்டு. 2024 ஜனவரி 1 முதல் இந்தக் கூலி ஆதார் வழியாகத்தான் என்று கட்டாயமாக்கினார்கள். ஆதார் வழியில் கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு பிணைக்கப்பட்டதோ அங்கே பணம் போய் விழும். குழுக்கடனுக்காக வேறு வங்கியில் கணக்குத் திறந்த அக்காவின் பணம் அவருக்கே தெரியாமல் அங்கே கிடக்கலாம். சேரிக்குப் போங்கள். பாஸ்புக்கைக் கையில் வாங்குங்கள். எந்த வங்கி, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று உட்கார்ந்து பாருங்கள். அந்தத் தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போங்கள்.

அண்ணல் 1923இல் ரூபாயையே ஆராய்ந்து நூல் எழுதினார். அவர் பிள்ளைகள் நாம் ஒரு பாஸ்புக்கையாவது படிப்போம்.