கொடி யார் கையில்?

விளையாட்டிலே அரசியலா? கூடாது, கூடவே கூடாது என்று ஓதுவோர் உண்டு. ஒலிம்பிக் தொடக்க நாளிலே வீரர்கள் தத்தம் நாட்டுக் கொடியை ஏந்தி நடப்பதைக் கண்டு களிப்பவர்களும் அவர்கள்தான். கொடி பறிக்கப்பட்டவன் எப்படி நடப்பான் என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்போம், தோழர்களே! கொரியா விடை கூறும்.

1936. ஹிட்லரின் பெர்லின் நகரம். மாரத்தான் ஓட்டத்திலே முதலில் வந்தவர் சோன் கீ சுங் என்ற கொரியர். மூன்றாவதாக வந்த நாம் சுங் யோங்கும் கொரியரே. ஆனால் கொரியாவோ 1910 முதல் ஜப்பானுக்கு அடிமை. ஆகவே மார்பிலே ஜப்பானியச் சின்னம். பட்டியலிலே ஜப்பானிய முறையில் திரித்த பெயர். கம்பத்திலே ஏறியது ஜப்பான் கொடி! நெய்தவன் ஒருவன், துணியிலே முத்திரை மற்றொருவனுடையது. ஆலைத் தொழிலாளிக்கு இது புதிய செய்தியா?

பரிசு மேடையிலே தலைகுனிந்து நின்றார் சோன். வெற்றியாளருக்குத் தந்த ஓக் மரக்கன்றை மார்போடு அணைத்து அந்தச் சின்னத்தை மறைத்தார். கொரியாவின் டோங்கா இல்போ நாளேடு, அவர் மார்பிலிருந்த ஜப்பான் கொடியை அழித்துவிட்டுப் படத்தை வெளியிட்டது. சும்மா விடுமா ஏகாதிபத்தியம்? ஏட்டுக்காரர்கள் கைதாயினர், ஏடு மாதக்கணக்கில் முடக்கப்பட்டது. வெறும் துணிதான் கொடி என்றால், அதன் படத்தை அழித்ததற்கா இத்தனை பதற்றம்?

12 ஆண்டுகள் சென்றன. 1948 ஜூலை 29, லண்டன் வெம்பிளி அரங்கம். கொரிய அணியின் முன்னே கொடி ஏந்தி நடந்தவர் யார்? அதே சோன்! தென்கொரியக் குடியரசு முறையாகப் பிரகடனமானது ஆகஸ்டு 15இல். அரசுக்கு 17 நாள் முந்தியே கொடி உலகின் முன் நடந்துவிட்டது! விடுதலை பெற்ற இந்தியாவின் மூவண்ணக் கொடி ஒலிம்பிக்கிலே முதன்முதலாக நடந்ததும் அதே அணிவகுப்பில்தான். ஏந்தியவர் நாகர் இனத்துக் கால்பந்து வீரர் தாலிமெரன் ஆவ்.

மகிழ்ச்சிதான். ஆனால் முழு மகிழ்ச்சியா? 1945இலேயே வல்லரசுகள் 38ஆம் அட்சக்கோட்டிலே கோடு கிழித்துக் கொரியாவைக் கூறு போட்டுவிட்டன. சோன் பிறந்த சினுய்ஜூ வடக்கே சிக்கியது. லண்டனிலே அவர் ஏந்திய கொடி, அவர் சொந்த ஊரிலே பறக்க முடியாத கொடியாயிற்று!

2000 ஜூனில் வடக்கு, தெற்குத் தலைவர்கள் பியாங்யாங்கிலே சந்தித்தனர். செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக். வெள்ளைத் துணியிலே நீல நிறத்தில் முழுக் கொரியா! தெற்கின் கூடைப்பந்து வீராங்கனையும் வடக்கின் ஜூடோ பயிற்சியாளரும் ஒரே கொடியைச் சேர்ந்து பிடித்து நடந்தனர். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. 2004இலும் 2006இலும் அப்படியே நடந்தனர். 2008 பெய்ஜிங்கிலோ தனித்தனிக் கொடி, தனித்தனி நடை. 2018இல் பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கிலே மீண்டும் ஒரே கொடி. பெண்கள் ஐஸ் ஹாக்கியிலே ஒரே அணி. 2024 ஜனவரியிலோ, தெற்கோடு இணைவது என்ற பேச்சே இனி இல்லை என்றார் வடக்கின் தலைவர். அவ்வாண்டு ஜூலையில், பாரிஸ் தொடக்க விழாவிலே தென்கொரிய அணியை வடகொரியாவின் பெயரால் அறிவித்துவிட்டு, ஒலிம்பிக் குழு மன்னிப்புக் கேட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? பேச்சு மேசையிலே கை குலுக்கினால் அரங்கிலே கொடி ஒன்றாகிறது. மேசை கவிழ்ந்தால் கொடி இரண்டாகிறது. வீரர்கள் அதே வீரர்கள். மொழியும் அதே மொழி. மாறியது ஆள்வோர் மனம். அணிவகுப்பு ஒற்றுமையைக் காட்டும், கட்டித் தராது. கட்ட வேண்டிய இடம் அரங்கத்துக்கு வெளியே இருக்கிறது.

விளையாட்டிலே அரசியல் கூடாது என்போரே! சோனிடமிருந்து கொடியைப் பறித்ததும் அரசியல். திருப்பித் தந்ததும் அரசியல். இரண்டாகக் கிழித்ததும் அரசியல். ஆதிக்கம் செய்பவனின் அரசியலா, அடிமைத்தளை அறுப்பவனின் அரசியலா என்பதுதான் கேள்வி.

1988 சியோல் ஒலிம்பிக்கிலே, எழுபதைக் கடந்த சோன், தீப்பந்தம் ஏந்தித் துள்ளி ஓடி வந்தார். 2002இல் மறைந்தார். பெர்லினிலே அவர் வென்ற தங்கமோ, ஒலிம்பிக் பதிவேட்டிலே இன்னமும் ஜப்பான் கணக்கில்தான் இருக்கிறது. ஓடிய கால் கொரியனுடையது. வரவு வைத்துக்கொண்டவன் வேறொருவன். அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.