கல்வித் தத்துவம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக!

"ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது. ஆசிரியர் ஒரு வழிகாட்டி மட்டுமே. வகுப்பறை மகிழ்ச்சியான இடமாக இருக்க வேண்டும். மதிப்பெண் மட்டுமே கல்வி அல்ல."

இந்த நாலு வரியும் இல்லாத ஒரு பி.எட். கட்டுரையை யாராவது காட்டினால், ஒரு கிலோ நாக்பூர் ஆரஞ்சு பார்சல் அனுப்பத் தயார். கூரியர் செலவும் என்னுடையதே :-)

விஷயத்துக்கு வருகிறேன். பி.எட். படிக்கிற பிள்ளைகளை 'என் கல்வித் தத்துவம்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். படிப்பு முடிந்து தனியார் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டால் அங்கேயும் சில இடங்களில் இதையே கேட்கிறார்கள். ஆசிரியராகப் போகிற ஒருவர் வகுப்புக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால், 'நான் எதற்காக, எப்படிச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்' என்று யோசித்து எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம். அருமையான நோக்கம். நடப்பதோ ஜெராக்ஸ். முன்பு சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினார்கள். அப்புறம் இணையத்தில் இருந்து எடுத்தார்கள். இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் காபி ஆறுவதற்குள் வந்துவிடுகிறது.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது அடுத்த வீட்டுச் சமாச்சாரம் இல்லை. மாற்றலில் வந்த குடும்பங்களில் பி.எட். ஒரு கைகாவல். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும் என்ற தைரியம். எங்கள் காலனியிலேயே மூன்று பேர் படிக்கிறார்கள். அதில் ஒரு பெண் போன மாதம் கட்டுரையைக் கொண்டுவந்தாள்.

"அங்கிள், இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடுங்க."

இங்கிலீஷில் ஒரு பிழை இல்லை. அதுதான் சந்தேகமே. "இதுல நீ எங்கேம்மா இருக்கே?" என்று கேட்டேன்.

"பத்து மார்க்தான் அங்கிள். எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். வங்கியில் தினமும் பார்க்கிற சங்கதி இது. கறவை மாட்டுக் கடனுக்கு ஒரு ப்ராஜக்ட் ரிப்போர்ட் வரும். அச்சு நேர்த்தியாக இருக்கும். அதில் மாடு வருஷத்துக்கு 365 நாளும் கறக்கும். கன்று போடுவதற்கு முன்னால் மாடு வற்றுகிற மாசங்கள் கணக்கிலேயே வராது. நோய் வராது, தீவன விலை ஏறாது. ரிப்போர்ட் எழுதியவர் மாட்டுக்குப் பக்கத்தில் போனதே இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். மாடு வற்றுகிற காலத்தில் வீட்டுக்கு என்ன வழி, தவணைக்கு என்ன வழி என்று எழுதியிருப்பவர்தான் மாடு வளர்க்கிறவர். அவரை நம்பிக் கையெழுத்துப் போடலாம்.

இந்தக் கட்டுரைகளிலும் மாடு 365 நாளும் கறக்கிறது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆர்வமாக இருக்கிறார்கள். ஒருவனுக்கும் பாஷை புரியாமல் இல்லை. ஒருத்தியும் பசியோடு வரவில்லை. டீச்சருக்குத் தலைவலி வந்ததே இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எதிர்த்துச் சண்டை போட முடியாத ஒரு வாக்கியம் தத்துவம் ஆகாது. 'ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது' என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? யாரும் மறுக்க முடியாத வாக்கியம் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. எழுதியவரையும் சேர்த்துத்தான்.

சண்டை போட முடிந்த கல்வித் தத்துவம் எப்படி இருக்கும்? நான் இருக்கும் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம் போனால் வார்தா. 1937 அக்டோபரில் காந்தி அங்கே ஒரு கல்வி மாநாடு கூட்டினார். ஏழு வருஷம் இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் பாடம், கைத்தொழிலை நடுவில் வைத்துப் படிப்பு, பிள்ளைகள் செய்கிற பொருளிலிருந்து காலப்போக்கில் ஆசிரியர் சம்பளம். இவ்வளவுதான் தீர்மானங்கள். பாடத்திட்டம் எழுத ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் அமைப்பாளர் ஆரியநாயகம், இலங்கைத் தமிழர். தாகூரிடம் செயலாளராக இருந்துவிட்டு வார்தாவுக்கு வந்தவர். குழுவில் இன்னொரு தமிழர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கணக்குத் தணிக்கை படித்தவர், நம்ம காமர்ஸ் ஜாதி :-) வேறு ஊருக்குப் போன தமிழர்கள் சங்கம் வைத்துப் பொங்கல் மட்டும் கொண்டாடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தத் திட்டத்தைப் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். பிள்ளைகள் நூற்ற நூலை விற்று வாத்தியாருக்குச் சம்பளமா, பள்ளிக்கூடமா தொழிற்சாலையா என்று கேட்டார்கள். எனக்கும் அந்தச் சம்பள விஷயத்தில் உடன்பாடு கிடையாது. ஆனால் கவனியுங்கள். பிள்ளையின் கையில் என்ன இருக்கும், எந்த பாஷையில் பேசும், செலவை யார் கொடுப்பது என்று அதில் எழுதியிருந்தது. அதனால்தான் எதிர்க்க முடிந்தது.

கட்டுரைகளில் தவறாமல் வரும் பெரிய பெயர்களையும் பாருங்கள். மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் விடப்பட்ட பிள்ளைகளோடு ஆரம்பித்தார். ஜான் டூயி 1896-ல் சிகாகோவில் சொந்தமாக ஒரு பள்ளி நடத்திப் பார்த்தார். தாகூர் 1901-ல் விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு சாந்திநிகேதனில் உட்கார்ந்தார். குஜராத்தில் கிஜுபாய் பதேகா வக்கீல் தொழிலை விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போனார். எல்லோருமே எதிரே பிள்ளைகளை வைத்துக்கொண்டு யோசித்தவர்கள். அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை விட்டுவிடுவதுதான் நாம் செய்வது.

சரி, என்னதான் எழுத வேண்டும்? மூன்றே மூன்று கேள்விக்குப் பதில் எழுதட்டும்.

முதல் கேள்வி: உன் பாஷை தெரியாத பிள்ளை வந்தால் என்ன செய்வாய்? 2016-ல் நாங்கள் திருச்சியிலிருந்து வந்தபோது பையன் இரண்டாம் வகுப்பு. இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. ஒரு டீச்சர் அவனைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, மூன்றாவது வாரமே டைரியில் 'ஸ்லோ' என்று எழுதி அனுப்பினார். வீட்டில் தமிழில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை சொல்கிற பையன்! அடுத்த வருஷம் வந்த டீச்சர் ஒரு காரியம் செய்தார். கணக்கைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார். விடை எண்ணில்தானே இருக்கிறது, பாஷை எதற்கு? தினம் ஒரு தமிழ் வார்த்தை கேட்டுக் கரும்பலகையில் தேவநாகரியில் எழுதினார். தீபாவளிக்குள் பையன் இந்தியில் சண்டை போட ஆரம்பித்துவிட்டான். இரண்டு பேரும் பி.எட். படித்தவர்கள்தான். இரண்டு பேருமே 'ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது' என்று எழுதித்தான் பாஸ் செய்திருப்பார்கள்.

கல்வி உரிமைச் சட்டம், முடிந்தவரை தாய்மொழியில் சொல்லிக்கொடு என்கிறது. நாக்பூரில் தமிழ் டீச்சருக்கு எங்கே போவது? அந்த 'முடிந்தவரை'யில் என்னால் முடிந்தது என்ன என்பதுதான் அந்த டீச்சரின் தத்துவம். நம் பிள்ளைக்காவது ட்யூஷன் வைக்க வசதி உண்டு. இங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கும் சத்தீஸ்கர் குடும்பத்துப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. நம் ஊரிலும் இதே கதைதான். திருப்பூரிலும் சென்னையிலும் தமிழ் வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பீகார், ஒடிசாப் பிள்ளைகளுக்கு நம் டீச்சர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். நமக்கு வலித்தால் அநியாயம், அவனுக்கு வலித்தால் 'இந்திக்காரப் பையன்' என்று இருக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி: கடைசி பீரியடில், வகுப்பே இரைச்சலாக இருக்கும்போது, உன் கை எங்கே போகும்? 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதையும் மனசு நோகச் செய்வதையும் தடை செய்கிறது. 'அன்பால் திருத்துவேன்' என்று எழுதினால் போதாது. ஐந்தாம் வகுப்பு வரை முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்கிறது சட்டம். உனக்கு ஐம்பது பேரைக் கொடுத்துவிட்டால்? கதை சொல்வாயா, வெளியே கூட்டிப் போவாயா, நீயே ஐந்து நிமிஷம் சும்மா இருப்பாயா? அதை எழுது.

மூன்றாவது கேள்வி: சரியாகப் படிக்காத பிள்ளையின் அப்பாவிடம் என்ன சொல்வாய்? 'இன்னும் முயற்சி தேவை' என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுவது பதில் இல்லை. யாருடைய முயற்சி?

"அனுபவம் இல்லாத பிள்ளைகள் இதற்கெல்லாம் எப்படிப் பதில் எழுதும்? தத்துவம் போகப்போகத்தானே வரும்?" என்பீர்கள். நியாயம்தான். 2014 விதிகளின்படி பி.எட். இரண்டு வருஷம் ஆனபோது இருபது வாரம் பள்ளிக்கூடப் பயிற்சி வைத்தது அந்த அனுபவத்துக்காகத்தான். பார்த்த ஒரு பிள்ளையை வைத்து எழுதட்டும். தப்பாகவே எழுதட்டும். ஐந்து வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், எங்கே மாறினோம், எங்கே சறுக்கினோம் என்று தெரியும். ஜெராக்ஸ் கட்டுரையைத் திரும்பப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வது?

பிள்ளைகளை மட்டும் திட்டிவிட்டுப் போக மாட்டேன். உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா கமிஷனை மேற்கோள் காட்டி, தனியாக நடக்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே எழுதியது. வருகைப் பதிவே இல்லாமல் பட்டம் கொடுக்கிற இடத்தில் எந்தத் தத்துவத்தைத் திருத்தப் போகிறார்கள்? எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருந்தால், படிக்காமலேயே மார்க் போட வசதி.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பேரண்ட்ஸ் மீட்டிங்கில் எத்தனை மார்க், எந்த ரேங்க், அடுத்த வீட்டுப் பையன் எத்தனை என்பதைத் தாண்டி நாம் எதையும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு எந்த டீச்சரும் பதில் தயார் செய்யப் போவதில்லை. அடுத்த மீட்டிங்கில் ரிப்போர்ட் கார்டை வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "என் பிள்ளைக்குப் புரியாதபோது நீங்க என்ன செய்யறீங்க டீச்சர்?" அதற்கு அவர் சொல்கிற பதில்தான் அவருடைய கல்வித் தத்துவம். மற்றதெல்லாம் பத்து மார்க்.

டிஸ்கி: பி.எட். படிக்கிற யாருக்காவது இதைப் படித்துக் கோபம் வந்தால் மெத்த சந்தோஷம். அந்தக் கோபத்தோடேயே உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், அரைப்பக்கம் எழுதுங்கள்.