படகுக்கு யார் பொறுப்பு?

புனே மாநகராட்சிக்கு 2026 ஜனவரி 15-ம் தேதி தேர்தல் நடந்தது. போபோடிவாசிகளும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். இதற்கு முந்தைய தேர்தல் 2017 பிப்ரவரி 21-ல் நடந்தது. அப்போது அமைந்த மன்றத்தின் காலம் 2022 மார்ச் 14-ல் முடிந்துவிட்டது. அன்று முதல் சுமார் மூன்று ஆண்டு பத்து மாதம் இந்த மாநகரத்தை நடத்தியவர்கள் நிர்வாகிகளாக நியமிக்கப்பட்ட அதிகாரிகளே. மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட அந்தக் காலத்தில் இல்லை. தேர்தலின் ஆரவாரத்தில் இந்த நீண்ட வெறுமையை நாம் மறந்துவிடக் கூடாது.

2025 மே 6-ம் தேதியை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். மகாராஷ்டிரத்தில் உள்ளாட்சித் தேர்தல்களை நான்கு மாதத்துக்குள் நடத்தி முடிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் அன்றுதான் உத்தரவிட்டது. பின்னர் அந்தக் கெடு 2026 ஜனவரி 31 வரை நீட்டப்பட்டது. அதே மே 6-ல் கடலுக்கு அப்பால் இலங்கையில் உள்ளாட்சித் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. அங்கும் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அங்கே காத்திருந்த ஊர்களில் ஒன்று நெடுந்தீவு. அந்தச் சின்னஞ்சிறு தீவின் கதையிலிருந்து போபோடித் தமிழர்களாகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி, வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் நெடுந்தீவு. பனை மரங்களும், பவளக் கற்களை அடுக்கிய வேலிகளும், மேய்ந்து திரியும் குதிரைகளும் நிறைந்த ஊர். சில ஆயிரம் தமிழ் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் மக்கள் வாழும் கடைக்கோடித் தீவு அது. பாலம் கிடையாது, படகுதான் எல்லாம். அரிசி மூட்டையும் ஆசிரியரும் படகில்தான் வருகிறார்கள். நோய் முற்றியவரை யாழ்ப்பாணம் கொண்டுபோவதும் கடல் வழியேதான். கடல் கொந்தளித்தால் ஊரே அடைபட்டுப் போகும்.

படகு என்ற சொல்லுக்கு அந்த மக்களிடையே வேறு ஒரு கனமும் உண்டு. 1985 மே 15-ம் தேதி 'குமுதினி' படகில் சென்ற நெடுந்தீவு மக்கள், குழந்தைகள் உட்பட, கடல் நடுவே கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகும், போர்க்காலம் முழுவதும், அதே கடலில் படகேறித்தான் அவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆகவே அந்தத் தீவில் அரசியல் பேசுகிறவர்கள் முதலில் படகைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை. கொள்கை, கூட்டணி எல்லாம் அதன் பின்னால்தான்.

இந்தத் தீவுக்குச் சொந்தமாக ஒரு பிரதேச சபை இருக்கிறது. நம் ஊர்ப் பஞ்சாயத்து யூனியனைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். 1987-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கை முழுவதும் இத்தகைய சபைகள் உண்டாயின. எல்லாத் தீவுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. நயினாதீவு வேலணைப் பிரதேச சபையில் அடக்கம். அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைச் சபையில் அடக்கம். ஒரு மனு கொடுக்கவே அவர்கள் கடல் தாண்ட வேண்டும். நெடுந்தீவில் மட்டும் சபை காலால் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 2017-ல் 'நெடுந்தாரகை' என்ற பயணிகள் படகு அந்தச் சபையிடமே ஒப்படைக்கப்பட்டது. படகு கட்டித் தருவது ஒருமுறைச் செலவு. எண்ணெய் ஊற்றி, பழுது பார்த்து, ஆள் வைத்து ஓட்டுவதோ தினசரிச் செலவு. சின்னஞ்சிறு தீவின் சபைக்கு வரும்படி எவ்வளவு இருந்துவிடும்? இருந்தாலும் "படகு ஏன் ஓடவில்லை?" என்று கேட்பதற்கு ஊருக்குள்ளேயே ஓர் ஆள் இருந்தார் என்பதே பெரிய காரியம்.

அந்த ஆளும் இல்லாமல் போன காலம் வந்தது. 2018 பிப்ரவரி 10-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளுக்கு ஓராண்டு காலநீட்டிப்பு கொடுத்து, 2023 மார்ச் 19-ல் ஆயுள் முடிந்தது. மார்ச் 9-ல் நடக்கவேண்டிய தேர்தல், பணம் இல்லை என்ற காரணத்தால் நின்றுபோனது. திறைசேரி பணம் விடவில்லை. நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த நேரம் அது என்பது உண்மை. ஆனால் நெருக்கடி வந்தபோது முதலில் வெட்டப்பட்டது ஏழையின் ஓட்டு. 2024 ஆகஸ்ட் 22-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. அப்போது நிதி அமைச்சைத் தம் கையில் வைத்திருந்த ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்கவும் அந்த மீறலுக்குப் பொறுப்பாளி என்று நீதிமன்றம் கண்டது. அதன் பிறகே 2025 மே 6-ல் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். வட மாகாண சபையின் கதை இன்னும் மோசம். 2013-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2025 முடியும் வரை அடுத்த தேர்தல் வரவே இல்லை.

நம் நாட்டுத் தீவுகள் மட்டும் என்ன வாழ்ந்தன? லட்சத்தீவுகளில் மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 64,473 பேர். அங்கே சட்டசபை கிடையாது. டில்லி அனுப்பும் நிர்வாகியே ஆட்சி. மக்கள் தம் கையால் தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு எம்.பி.யையும், பஞ்சாயத்துகளையும்தான். 2021-ல் நிலம், பஞ்சாயத்து, மாட்டிறைச்சி முதலிய விஷயங்களில் புதிய விதிகளின் வரைவுகளை நிர்வாகம் வெளியிட்டது. இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. எங்களைக் கேளாமல் எங்கள் நிலத்தைப் பற்றி முடிவு செய்வதா என்று மக்கள் கொதித்தார்கள். ஜூன் 7-ம் தேதி அவரவர் வீட்டிலேயே பன்னிரண்டு மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2023 ஜனவரியில் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது. உடனே தேர்தல் நடக்கவில்லை. இருந்த ஒரு வாசலும் அடைபட்டது.

ராமேஸ்வரம் தீவை நம்மில் பார்க்காதவர் குறைவு. அங்கே ராமேஸ்வரம் நகராட்சி. பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ம் தேதியோடு காலம் முடிந்தது. ராமநாதபுரமும் அதில் ஒன்று. தலைவர்கள் இருந்த நாற்காலியில் தனி அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். ஆளும் கட்சி எதுவானாலும், கொடியின் நிறம் எதுவானாலும், உள்ளாட்சித் தேர்தல் என்றால் தள்ளிப்போடும் பழக்கம் மட்டும் மாறுவதில்லை.

ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்பது நம் அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் சொல்லும் விதி. அவை 1993-ல் நடைமுறைக்கு வந்தன. வார்டு பிரிப்பு, இட ஒதுக்கீட்டு வழக்கு என்று காரணங்கள் எப்போதும் இருக்கும். வழக்கு கிடக்கட்டும், ஊர் நடக்க வேண்டுமே!

போபோடி கடலில் இல்லை. ஆனாலும் இதுவும் ஒரு தீவுதான் என்று சொன்னால் இங்கே வாழ்கிறவர்கள் மறுக்கமாட்டார்கள். ஒரு பக்கம் முளா நதி. ஹாரிஸ் பாலத்தைத் தாண்டினால் தாபோடி, அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி. இன்னொரு பக்கம் கட்கி கன்டோன்மென்ட். நடுவே ரயில் பாதை. போபோடி மட்டும் புனே மாநகராட்சி. பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் மன்றமும் 2022 மார்ச்சில் முடிந்தது. கட்கி கன்டோன்மென்ட் போர்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் காலமோ 2021 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. நாடெங்கும் 57 கன்டோன்மென்ட் போர்டுகளுக்கு 2023 ஏப்ரல் 30-ல் தேர்தல் என்று அறிவித்து, மார்ச்சிலேயே அதை ரத்து செய்தார்கள். ஆக, பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ரயில் பாதைக்கு இப்பாலும் அப்பாலும், மக்கள் பிரதிநிதி என்று ஒருவரும் இல்லாத காலத்தை நாம் பார்த்தோம்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. கார்ப்பரேட்டர்கள் இருந்தபோது மட்டும் பாலும் தேனும் ஓடியதா, அதிகாரியாவது கமிஷன் கேட்காமல் வேலை செய்வார் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். இந்தப் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஓட்டுக் கேட்க மட்டும் சந்துக்குள் வருகிற உறுப்பினர்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கெட்ட கார்ப்பரேட்டரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பலாம். நல்ல அதிகாரியைக்கூட நாம் வைத்துக்கொள்ள முடியாது. மாற்றல் உத்தரவு வந்தால் போய்விடுவார். அவர் மேலிடத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், நமக்கு அல்ல.

இதை எழுதுகிறவன் ரயில்வே குமாஸ்தா. வண்டி தாமதமானால் பயணிகள் ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் கூடுவார்கள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட முடியாது. ஆனால் கதவைத் திறந்து வைத்து, ஏசுவதையும் கேட்டுக்கொண்டு, மேலே போன் போட்டு விசாரித்துச் சொல்வார். அந்த அறையைப் பூட்டிவிட்டால் வண்டி சீக்கிரம் வந்துவிடுமா? உள்ளாட்சி மன்றமும் அத்தகைய அறைதான்.

எங்கள் சந்தில் சேலத்துக்காரர் குடும்பம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் கட்டட வேலை. மகளைப் பள்ளியில் சேர்க்க முகவரிச் சான்று தேவைப்பட்டது. வாடகை ஒப்பந்தம் இல்லை. முன்பெல்லாம் கார்ப்பரேட்டரின் லெட்டர்பேடில் ஒரு வரி எழுதி வாங்கிவிடலாம். மன்றம் இல்லாத காலம் என்பதால் பழைய உறுப்பினரின் சான்று செல்லாது என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மாள் மூன்று நாள் கூலியை இழந்து அலைந்தார். கடைசியில் மராத்தி தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் கூடப் போய்ப் பேசிக் காரியத்தை முடித்துக் கொடுத்தார். மொழி தெரியாதவனுக்கும் பட்டா இல்லாதவனுக்கும் ஊரில் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். பணக்காரனுக்கு மன்றம் இல்லாவிட்டாலும் வக்கீல் உண்டு.

இப்போது மன்றம் வந்துவிட்டது. 165 உறுப்பினர்கள். அவுந்தையும் போபோடியையும் சேர்த்து நான்கு உறுப்பினர்கள் கொண்ட வார்டு. நால்வர் இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. சாக்கடை அடைத்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டக் கூடும். அவுந்து வளமான பகுதி. நம் குடிசைப் பகுதிகளின் குரல் அதில் அமுங்கிப் போகலாம். ஆகவே நால்வருக்கும் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. போபோடிக்கென்று வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், ஓர் இடம் குறித்து அறிவியுங்கள். நால்வரில் ஒருவராவது அங்கே உட்காருங்கள். வந்த மனு எத்தனை, முடிந்தது எத்தனை என்று மாதம் ஒருமுறை பலகையில் எழுதி வையுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் முளா கரையோர வீடுகளை நேரில் வந்து பாருங்கள்.

நம்மவருக்கும் ஒரு வார்த்தை. தமிழ் மன்றம், கோயில் கமிட்டி, சங்கம் என்று தலைவர் பதவிக்குப் போட்டி போடுவதில் நமக்கு இருக்கும் சுறுசுறுப்பு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதில் இல்லை. "ஓட்டு ஊரில் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்கிறோம். ஊரில் தேர்தல் என்றால் சிலர் லீவு போட்டு ரயிலேறுகிறோம். பலர் போவதே இல்லை. குடிக்கிற தண்ணீர் இங்கே, பிள்ளை படிக்கிற பள்ளி இங்கே, ஓட்டு மட்டும் ஐந்நூறு காதத்துக்கு அப்பால் என்றால், இங்கே நம் மனுவை யார் மதிப்பார்கள்? இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. எங்கே வாழ்கிறோமோ அங்கே பெயரைப் பதிவு செய்துகொள்வதே முறை. நெடுந்தீவில் பிறந்தவர்களும் யாழ்ப்பாணம், கொழும்பு, கனடா என்று பரவிக் கிடக்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பலாம், கோயில் கட்டலாம். ஆனால் காலையில் படகு வரவில்லை என்றால் துறையில் நிற்பவர் அங்கேயே வாழ்கிறவர்தான். கேட்கும் உரிமையும் கடமையும் அவருடையதே.

நெடுந்தீவு மக்கள் இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். போபோடி மக்கள் ஏறக்குறைய நான்கு ஆண்டு. அவர்கள் துறையில் படகுக்குக் காத்திருக்கிறார்கள். நாம் குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். இனி ஒருமுறை இத்தகைய வெறுமை நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது ஆட்சியாளர்களின் கடமை. புனேயின் இந்த மன்றத்துக்கும் ஐந்தாண்டு முடிகிற நாள் ஒன்று இருக்கிறது. அடுத்த தேர்தலைக் காலத்தில் நடத்துங்கள் என்று கடைசி மாதத்தில் கூச்சல் போட்டுப் பயனில்லை. முதல் ஆண்டிலேயே கேட்கத் தொடங்க வேண்டும். அதற்கு வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்க வேண்டும். வருகிற விடுமுறை நாளில் ஒவ்வொருவரும் அதைச் சரிபார்த்துக்கொள்வார்களாக.