கிரவுன் ஆயிலையும் கணக்கில் எழுதுவோம்

1996-ல் கோயம்பேடு அங்காடி திறக்கப்பட்ட நாள் முதல் நம் கூடுவாஞ்சேரி வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையே உயிர்நாடி. 2005-ல் டாடா ஏஸும், 2011-ல் அசோக் லேலண்டு தோஸ்தும் வந்தபின் சிறு மளிகைக் கடைக்காரரும் சொந்த வண்டி வைத்துள்ளார். வண்டி நின்றால் அன்றைய வியாபாரமும் நின்றது.

என்ஜின் ஆயிலை நாள் பார்த்து மாற்றுவோர்கூடப் பின் அச்சிலுள்ள டிபரன்ஷியலை, அதாவது கிரவுனை, நினைப்பதில்லை. அதிலும் மழைநீரில் ஓடிய வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் ஆயில் பால்போல் வெளுத்துவிடும். பிறகு பற்கள் தேயும். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டிவரும். சில லிட்டர் ஆயிலை மிச்சம் பிடித்து முதலுக்கே மோசம் செய்துகொள்வது வணிகர்க்கு அழகா?

இவ்வேலையைக் கடை முற்றத்திலேயே செய்யலாம் என்பது எங்கள் கருத்து. வாரண்டி உள்ள வண்டியை மட்டும் கம்பெனி ஒர்க்ஷாப்பிலேயே விடுங்கள். மற்றவர்கள் சிறிது தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்திற்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. முதலில் ஆயில் ஊற்றும் திருகைக் கழற்றிப் பாருங்கள். அது கழலாவிட்டால் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வழியின்றி நிற்க நேரும்.

பின்மூடி கழலும் வண்டியானால் பழைய பேக்கிங்கைச் சுரண்டிப் புதியது வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும். மூடி பற்றவைத்திருந்தால் அடித்திருகு வழியே வடித்தால் போதும். காந்தத் திருகில் மாவுபோல் இரும்புத்தூள் இருப்பது இயல்பே. பல் துண்டு கிடந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். கையேடு சொல்லும் கியர் ஆயிலையே, ஊற்றுதுளையின் விளிம்பைத் தொடும்வரை ஊற்றுங்கள். மேலுள்ள காற்றுத்துளை அடைத்திருந்தால் சீல் வழியே கசியும் என்பதால் அதையும் துடைத்துவிடுங்கள்.

மெக்கானிக்கின் பிழைப்பு கெடும் என்பார் சிலர். கெடாது. பெரிய பழுது என்றும் அவரிடமே போகும்.

பழைய ஆயிலைக் கால்வாயில் கொட்டினால் அது நம் ஏரிக்கும் கிணற்றுக்கும்தான் போய்ச்சேரும். ஆகவே சங்கக் கட்டடத்தில் கழிவு ஆயிலுக்கு ஒரு டிரம் வைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டுகிறோம். உறுப்பினர்களும் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பேரேட்டின் ஓரத்தில் குறித்து வைப்பார்களாக.