ஆய்வுகூடத்து எலியும் அறமும்

‘கருணைக்கொலை’ என்னும் தொடர் தமிழுக்குப் புதியது. கருணையும் கொலையும் ஒன்றையொன்று மறுப்பன. அவ்விரண்டையும் ஒரு சொல்லாகப் புணர்த்தல் தகுமோ என்று இலக்கணம் வல்லார் ஐயுறுவர். ஆயினும் அச்சொல் சுட்டும் செயல் ஆய்வுகூடங்களில் நாள்தோறும் நிகழ்கின்றது. சொல்லை இகழ்ந்து ஒதுங்குதலினும், அதிலுள்ள கருணை மெய்யோ என ஆராய்தலே நமக்குக் கடன்.

நாம் உண்ணும் மருந்துகள் பலவும் முதலில் எலியின் உடலிற் சோதிக்கப்பட்டவை. மேனாட்டு மருந்து மட்டுமன்று. நம் நாட்டு மூலிகைகளின் இயல்பை அறிய முற்படுவோரும், கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் விஸ்டார் இன வெள்ளெலிகளைப் பெற்று ஆய்வு நடத்துகின்றனர். ஆய்வு முடிந்தபின், உறுப்புக்களைப் பரிசோதித்தற்பொருட்டு அவை கொல்லப்படுகின்றன.

‘படுவான்கரையில் வேளாண்மையை அழிக்கும் எலிக்கு நஞ்சு வைக்கிறோமே, ஆய்வுகூடத்து எலிக்கு மட்டும் இரங்குவானேன்?’ என்று சிலர் வினவலாம். வயலெலி தன் வயிற்றுக்காக வந்தது; அதற்கும் உழவனுக்கும் நடப்பது பிழைப்புப் போர். ஆய்வுகூடத்து எலியோ நம்மாற் பிறப்பிக்கப்பட்டு, நம் கையால் இரையுண்டு, நம்பொருட்டே மாள்வது. ஓடவும் ஒளியவும் அதற்கு இடமில்லை. ஊட்டிய கையே கொல்லுமாயின், அக்கைக்குக் கடன் மிகுதி.

அக்கடனைச் செலுத்துதல் எளிதன்று. பரவலாகக் கையாளப்படும் முறை, எலியைப் பெட்டியில் இட்டுக் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்துதல். வாயு செறிவாகப் புகுந்தால் மூக்கின் ஈரத்திற் கரைந்து அமிலமாகி எரிவூட்டும். மெல்லப் புகுந்தால் எலி நெடிது திணறி அஞ்சும். பெட்டியின் கொள்ளளவில் நூற்றுக்கு 10 முதல் 30 பங்கு வாயுவை நிமிடந்தோறும் செலுத்துக என 2013-இல் அறிவுறுத்திய அமெரிக்க விலங்கு மருத்துவச் சங்கம், 2020-இல் அதனை 30 முதல் 70 பங்காக மாற்றிற்று. வல்லுநர்க்கே இது தெளிவற்ற வழி என்பது இதனாற் புலனாம். மேலும், பிறந்து சில நாளேயான குட்டிகள் இவ்வாயுவை நெடுநேரம் தாங்கும். அசைவின்மையை இறப்பெனக் கொள்வோர், உயிருள்ளதையே குப்பையில் எறிதல் கூடும். ஆதலின் முதலில் மயக்கமருந்தால் உணர்வை நீக்குதலும், இறப்பை மற்றுமொரு முறையால் உறுதிசெய்தலும் வேண்டற்பாலன.

‘எலி கதறவில்லையே’ என்பாரும் உளர். அச்சத்தில் எலி எழுப்பும் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 22,000 அதிர்வுடையது. மனிதச் செவி 20,000-க்கு மேற் கேளாது. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து, துடுப்பை நீரில் இட்டு மறுமுனையைக் காதோடு வைத்துப் பாடுமீனின் இசை கேட்பவர் நாம். பாலத்தின்மேல் நிற்பார்க்குக் கேளாமையால் வாவியில் ஒலியில்லை என மட்டக்களப்பார் எவரும் சொல்லார். அந்நியாயத்தை எலிக்கும் வழங்குவோமாக.

மதுரையிற் பிறந்த ருக்மிணிதேவி அருண்டேல், இந்திய மேற்சபையிற் தொடங்கிய முயற்சி, 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டமாகக் கனிந்தது. மயக்கத்தில் வைத்து ஆயப்படும் உயிர், பிழைத்தாற் பெருந்துன்புறும் நிலையை அடைந்திருப்பின், உணர்வு திரும்புமுன்னரே அதன் உயிரை முடித்தல் வேண்டும் என்னும் நெறி அச்சட்டத்தில் உளது. அதற்கு ஓராண்டு முன்னர், ஆங்கில அறிஞராகிய ரசலும் பர்ச்சும், உயிரின்றி ஆய இயலுமேல் உயிரை விடுக. இயலாதேல் தொகையைக் குறைக்க. துன்பத்தைத் தணிக்க என மூன்று நெறி வகுத்தனர்.

இவை ஏட்டில் இருந்தால் மட்டும் போதா. நம் பல்கலைக்கழகங்களின் அறநெறிக் குழுக்கள் விண்ணப்பத்தை நோக்குதலோடு அமையாது, கொல்லும் கையையும் நோக்குதல் வேண்டும். பயிற்சி பெற்றுத் தேறாதவரிடம் அப்பணியை ஒப்படைத்தல் ஆகாது. ஆய்வை வகுத்தவரும் அவ்வேளையில் உடனிருத்தல் முறை. கொல்லாமையை முற்றக் கைக்கொள்ள இயலாத இடத்தும், வதையாமை நம் கைக்கு எட்டியதே.