ஆவி உமிழும் அன்னம்

அன்னம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன தூதும் நடையும்தான். 1910இல் செய்யப்பட்டுக் கல்கத்தாத் தெருவில் ஓடிய அன்னம் வேறு இனம். அங்கு வாழ்ந்த ராபர்ட் நிக்கோல் மாத்யூசன் என்ற பிரித்தானியச் செல்வந்தர் இங்கிலாந்தின் புரூக் நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த கார் அது. முன்பகுதி முழுதும் அன்னத்தின் கழுத்தும் தலையும், கண்களில் மின்விளக்கு. அலகைத் திறந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பிலிருந்து நீராவி பீறிடும். வழியில் நிற்போர் விலகவேண்டும் என்பதற்காக. பின்புறம் சுண்ணாம்புக் குழம்பு கொட்டும். பறவையின் எச்சமாம்! முதல் ஓட்டத்திலேயே தெரு அமளிப்பட்டுக் காவலர்கள் தலையிட நேர்ந்தது.

பின்னர் நாபா மகாராஜா அதை வாங்கினார். அன்னத்திற்கு ஒரு குஞ்சுக் காரும் பிறந்தது. இரண்டும் 1991இல் நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இன்று தி ஹேக் நகரில் நிற்கின்றன.

செல்வந்தர், அரசர், அருங்காட்சியகம்: உரிமையாளர் வரிசை இவ்வளவே. ஆவிக்கு அஞ்சி விலகவேண்டியவர்களுக்கு அதில் இடமில்லைதான். ஆயினும் அந்த அலகு அவர்களை எண்ணியே செய்யப்பட்டது. அவர்கள் தெருவில் இல்லையெனில் அதற்கு வேலையே இல்லை. பழங்கார் ஆர்வலர்கள் எச்சத்தையும் ஆவியையும் ஒரே வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிச் செல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. எச்சத்திற்கு நானும் சிரித்தேன். நடந்து செல்பவர்மேல் பாய்ச்சுவதற்கென்று ஆவிக் குழாய் பொருத்தியதை அதே தொனியில் எப்படிச் சொல்வது?