பக்கத்தில் வைத்தால் மட்டும் போதுமா?



கல்யாணப் பந்தியில் இடம் இருக்கும் வரை இலையைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். இடம் முடிந்தால் அடுத்த வரிசை. யாரும் இலையைக் கிழித்து இடுக்குவதில்லை. ஆனால் வெப் ஆப் செய்யும் நாம் அதைத்தான் செய்கிறோம்.

என் கதையையே சொல்கிறேன். அத்தையின் மகளிர் குழுவுக்குச் சேமிப்புக் கணக்கு எழுத ஒரு ஆப் செய்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டன். ஒவ்வொன்றும் 100 பிக்சல் அகலம், 40 பிக்சல் உயரம். லேபில் 'சேவ்', 'டிலீட்' என்று இங்கிலீஷில் போட்டுப் பார்த்தேன். கச்சிதம்! கடைசி நாள் 'பதிவு செய்யவும்', 'பதிவை நீக்கவும்' என்று மாற்றினேன். இரண்டாவது சொல் அடுத்த வரிக்கு இறங்கியது. வழிவதை மறை என்று நானே எழுதியிருந்ததால் அது காணாமல் போனது. 'பதிவு', 'பதிவை' என்று மட்டும்தான் தெரிந்தது. அத்தை எதை அமுக்கியிருப்பார்? ஒரு மாதக் கணக்கு போச்சு! "நான் என்னடா தம்பி தப்பு பண்ணேன்?" என்றார். தப்பு என்னுடையது.

ஒரு காலத்தில் வழி குறைவு. டேபிளை வைத்து அடுக்கினார்கள். படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக வந்த ஃபுளோட்டை வைத்தும் சமாளித்தார்கள். இன்று அப்படியா? ஃப்ளெக்ஸ்பாக்ஸின் முதல் வரைவு 2009-லேயே வந்துவிட்டது. கிரிட் 2017-ல் முக்கிய பிரவுசர்களில் வந்தது. ஃப்ளெக்ஸில் 'ராப்' என்று ஒரு வரி சேர்த்தால், இடமில்லாத பட்டன் தானே கீழே இறங்கிக்கொள்ளும். உயரத்தைக் கட்டிப்போடாமல் விட்டால் எழுத்துக்கு ஏற்பப் பட்டன் வளரும்.

"எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான்டா அழகு" என்பார்கள் சில நண்பர்கள். படிக்க முடியாதது என்ன அழகு?

நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. நம் யூனியன் பிரதேசத்தில் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே இவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது. சட்டம் கொடுத்த இடத்தை நம் பட்டன் கொடுக்க வேண்டாமா?

ஆகவே நண்பர்களே, புராஜெக்டை முதலில் தமிழில் போட்டுப் பாருங்கள். லேப் மானிட்டரில் மட்டுமல்ல, வீட்டில் உள்ள சின்ன போனிலும் பாருங்கள். அழிக்கும் பட்டனைப் பதியும் பட்டனுக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

இடம் பார்த்து இலை போடுவோம்!